வடை மடித்த தாள்

முதல் வெட்டில் மேசை பிளந்தது. அடுத்த வெட்டு, ஞாயிறுதோறும் பேப்பரில் எழுதும் பாம்புவிஷ விஞ்ஞானி கோமதிசங்கரின் தோளில் இறங்கியது.

“பாம்பு கடிச்சதும் நீ எழுதினபடியே எல்லாம் செஞ்சேம்லே. எம்மவ எங்கையிலயே போயிட்டா.”

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் வடை மடித்துத் தந்த தாளை அவர் முகத்தில் எறிந்தான் இசக்கிராஜா. பாம்புப் படத்துக்குக் கீழே அச்சாகியிருந்தது: ‘கயிற்றால் இறுக்கிக் கட்டுவது. பிளேடால் கீறுவது. வாயால் உறிஞ்சுவது.’ அடியில் கோமதிசங்கரின் பெயர்.

அவர் ரத்தம் வழியும் தோளைப் பொத்திக்கொண்டு, அதே நாளின் முழுப் பேப்பரை எடுத்து நீட்டினார். “தலைப்ப வாசியும்வே.”

‘பாம்பு கடித்தால் செய்யக் கூடாதவை.’

இசக்கிராஜாவின் கையிலிருந்து அரிவாள் விழுந்தது. அன்று பஸ் ஸ்டாண்டில் மகளுக்கு வடையைப் பிட்டுக் கொடுத்த எண்ணெய்க் கையைத் துடைக்க, தாளின் மேல்பாதியைக் கிழித்து எறிந்தது அவன்தான்.