டாலியின் குரல்

"கேக்குதா? என் நாய் டாலி ரக்கூனைத் துரத்தி மரத்துல ஏத்திட்டா! குரல் மணி அடிச்ச மாதிரி இல்ல?" ஒரு மணி நேரமாக ஹார்லன் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். மலைக்கு அப்பால் இருட்டில் ஒரு நாய் விடாமல் குரைத்தது.

வெண்டலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கேக்குதுப்பா, காதே அடைக்குது! என் பஸ்டர்தான் எங்கயோ படுத்துத் தூங்குது, தண்டம்!"

"சொந்த நாயோட குரல் தெரியாதவன் வேட்டைக்கே வரக்கூடாதுடா. போய் வண்டியில இருக்கற விளக்கை எடுத்துட்டு வா, மரத்துக்குப் போவோம்."

முணுமுணுத்தபடி போய் வண்டியின் பின்கதவைத் திறந்தான் வெண்டல். கூண்டுக்குள் டாலி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. ஹார்லன் அவிழ்த்துவிடவே மறந்திருக்கிறான்!

வெண்டலுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. அவர்கள் கொண்டுவந்தது இரண்டே நாய்கள். அப்படியானால் அங்கே குரைப்பது பஸ்டர். சொந்த நாயின் குரல் அவனுக்கும்தான் தெரியவில்லை.

அவசரமாகக் கூண்டைத் திறந்தான்.

"எழுந்திரு தாயே! நாங்க வர்றதுக்குள்ள அந்த மரத்தடிக்கு ஓடிரு!"