சிவப்புக் கேள்விக்குறி

நூலகர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனார்.

மேசைக்கு இந்தப் பக்கம் அவள் அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

பக்கத்தில் அவள் கணவன் மேசையில் முழங்கையை ஊன்றி நின்றான். வீட்டுச் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை தவறாமல் மனைவியைக் கூடவே வந்து கூட்டிப்போகிற தங்கமான மனுஷன் என்று அங்கே அவனுக்குப் பெயர்.

அந்த நூலகத்தில் ஒரு வழக்கம். புத்தகத்தைத் திருப்பித் தரும்போது ஓர் அட்டையில் நாலு வரி அபிப்பிராயம் எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த புத்தகம் கிடையாது. பெரும்பாலானவர்கள் ‘சுமார்’, ‘படிக்கலாம்’ என்று கிறுக்கிவிட்டு நழுவுவார்கள். ஒரு பெரியவர் ஆறு வருஷமாக ‘அட்டைப்படம் அருமை’ என்று மட்டுமே எழுதுகிறார். புத்தகத்தைத் திறந்தாரா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

அவள் நாலு வரியும் நிறைய எழுதுவாள். எடுப்பதெல்லாம் மர்ம நாவல். நூலகர் அவளுக்கு ‘திகில் அம்மா’ என்று பெயரே வைத்துவிட்டார்.

இந்த மாத முதல் அட்டையில் எழுதியிருந்தாள்: ‘விறுவிறுப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் கணவன் வேலைக்குப் போகும்போதெல்லாம் மனைவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறான். பக்கத்து வீட்டில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை என்பது நம்பும்படியாக இல்லை.’

இரண்டாவதில்: ‘அவளுடைய போனை உடைக்கும் கட்டத்தில் ஈரக்குலை நடுங்கிவிட்டது. அக்காவுக்கு எழுதிய கடிதத்தை அவன் அடுப்பில் போடுவதும் அப்படியே. அக்காவாவது தேடி வந்திருக்கலாம்.’

ஒவ்வொரு அட்டையையும் வீட்டிலிருந்து கிளம்புமுன் அவள் கணவன் ஒரு தடவை படிப்பான். எழுத்துப்பிழை இருந்தால் மானம் போய்விடும் என்பது அவன் சொல்லும் காரணம். கதைப் புத்தகம் மட்டும் அவனுக்கு ஆகாது. இரண்டு பக்கம் தாண்டுமுன் கொட்டாவி வந்துவிடும்.

நூலகர் அதற்கு நேரெதிர். தான் படிக்காத புத்தகத்தை அலமாரியில் ஏற்றவே மாட்டார். அவள் நம்பியிருந்ததும் அதைத்தான், இப்போது பயந்து சாவதும் அதற்காகத்தான். யாராவது கதையை மாற்றி எழுதிவிட்டால் அவர் நாலு பேர் முன்னால் சொல்லிக்காட்டாமல் விட்டதில்லை.

போன வாரம் அவள் அட்டையின் மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். ஏதோ கேட்க வாயையும் திறந்தார். நல்லவேளை, போன் அடித்தது. அந்தக் கேள்விக்குறியை நினைத்து நினைத்து இந்த ஒரு வாரமும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இவர் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் கேட்டுவிடக் கூடாது. இவன் பக்கத்தில் நிற்கும்போது கேட்கவே கூடாது.

இன்றைய அட்டையை நூலகர் உதடசைத்துப் படித்தார்: ‘முடிவு பிடிக்கவில்லை. திங்கட்கிழமை அவளை மலைப் பங்களாவுக்குக் கூட்டிப்போகிறான். திரும்பி வரப்போவது அவன் மட்டும்தான் என்பது அவளுக்கும் தெரியும். அதற்கு முன் யாராவது வருவது போல ஆசிரியர் எழுதியிருக்கலாம்.’

நூலகரின் புருவம் நெரிந்தது. கை சிவப்புப் பென்சிலைத் தேடியது.

சாவி சுற்றுவது நின்றது. போன வாரச் சிவப்புக் கேள்விக்குறியை அவனும் பார்த்திருந்தான்.

“நேத்து நானே இந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன் மேடம். கப்பல்ல வைரம் காணாமப்போகுது, கடைசியில கண்டுபிடிக்கறாங்க. இவ எழுதியிருக்கற புருஷன் பொண்டாட்டி எந்தப் பக்கத்துல வர்றாங்க?”

அவன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இனி திங்கட்கிழமை வரைக்கும்கூட ஆகாது.

நூலகர் அவன் விரலில் தொங்கிய சாவியைப் பார்த்தார். மேசை விளிம்பில் வெளுத்துப்போயிருந்த அவள் விரல்களைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

பென்சிலைக் கீழே வைத்தார்.

“அது பழைய பதிப்புல வரும் சார், இதுல சுருக்கிட்டாங்க. பழசு என் வீட்டுல இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு நாங்க நாலைஞ்சு பேர் உங்க பக்கமாத்தான் வர்றோம், நானே வீட்டுல கொண்டுவந்து தர்றேன்.”

மேசையில் கிடந்த புத்தகத்தை நோக்கி அவன் கை நீண்டது. அதற்குள் நூலகர் அதை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

முகத்தை அவன் பார்த்துவிடாதபடி அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் புத்தகம் வெளிவந்தே ஒரு மாதம்தான் ஆகிறது. தலைப்புக்கு அடுத்த பக்கத்தில், பொடி எழுத்தில், ‘முதல் பதிப்பு’ என்று போட்டிருக்கும். அந்தப் பக்கத்தையெல்லாம் அவளையும் நூலகரையும் தவிர யாரும் படிப்பதில்லை.

சாவி மறுபடி சுற்றத் தொடங்கியது.

அவன் அவள் முழங்கையைப் பிடித்து வாசலை நோக்கித் திருப்பினான். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று. அஞ்சு மணிக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.