ஒரு வேட்டி அகலப் பனி

மலையில் பருவத்தின் கடைசிப் பனி ஒரு வேட்டி அகலத்துக்குத்தான் மிச்சமிருந்தது. கம்பெனி வேலையாக இவ்வளவு தூரம் வந்துவிட்டு, அதைக் கூட்ட அறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியதும் சறுக்க ஓடிவிடலாம் என்று, வாடகைக்கு எடுத்த பனிச்சறுக்கு பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டே வந்திருந்தேன். மேஜைக்கு அடியில் இரண்டு அம்மிக்கல்லைக் கட்டிவிட்டதுபோல் கனத்தது. கையெழுத்துப் போட வேண்டிய வெள்ளைக்காரருக்குக் காய்ச்சலாம், நேற்றிலிருந்து.

"அப்ப நாம கிளம்பலாமே சார்?" என்றேன்.

"எதுக்கும் இருப்போம். வந்தாலும் வந்துடுவார்," என்றார் என் மேலாளர் தணிகாசலம். நேற்றும் இதையேதான் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது அந்த வெள்ளைப் பட்டையில் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் சறுக்கிக்கொண்டு இறங்கினார். கட்டடத்துக்குப் பின்னால் வந்து நின்று கண்ணாடியைக் கழற்றியதும் முகம் தெரிந்தது. காய்ச்சல்காரரேதான்.

தணிகாசலமும் பார்த்துவிட்டார். பதறி எழுந்து திரையை இழுத்து மூடினார்.

"நாம எதையும் பாக்கல, புரியுதா? நாளைக்கு வந்தார்னா, உடம்பு தேவலையான்னு மட்டும் கேளுங்க."

"நாளைக்குப் பனி இருக்காது சார்."

"எந்தப் பனி?" என்றார்.