இன்றைய நிறம்

“என்ன சாமியாரே, இன்னைக்கு இளஞ்சிவப்பா?”

டீக் கோப்பையோடு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான் வாயாடி. அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். ஆள் வருமுன் குரல் வந்துவிடும் என்பதால் அந்தப் பெயர்.

சாமியார் புரோகிராமர். ஒரு வார்த்தை பேசாமல் முழு நாளையும் கழித்துவிடுவார் என்பதால் இந்தப் பெயர். அவர் கோட் எழுதும் எடிட்டரின் பின்னணி நேற்று சாம்பலாக இருந்தது. இன்று ரோஜா இதழின் நிறம். அதன்மேல் ஊதாவிலும் பழுப்பிலும் வரிகள் ஓடின.

“நேத்து சாம்பல், முந்தாநாள் எலுமிச்சை. துணிக்கடையில உட்கார்ந்த மாதிரி இருக்கு. ஒரு கலரை முடிவு பண்ண உங்களுக்கு இந்த ஜென்மம் போதாது.”

பக்கத்து இருக்கைகளில் சிரித்தார்கள். சாமியார் அந்த இளஞ்சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கூசியது. ஆனாலும் பார்த்தார்.

புதிதாக வந்திருந்த மேனேஜர் சிரிக்கவில்லை. சாமியாரைவிட வயதில் சிறியவள், வேலையில் கறார்.

“போன தடவை வாடிக்கையாளர் முன்னாடி உங்க ஸ்கிரீனைக் காட்டினப்போ பளீர்னு ஆரஞ்சு. அவங்க வேலையைப் பார்க்கல, கலரைத்தான் பார்த்தாங்க. திங்கள்லேருந்து எல்லா மெஷின்லயும் ஒரே வெள்ளைதான்.” வாயாடியின் பக்கம் திரும்பினாள். “யாரும் மாத்த முடியாதபடி பூட்டிடுங்க.”

“என்னோடதை மட்டும் விட்டுடுங்க மேடம்.”

சாமியாரின் குரல் அது என்பது புரியவே மற்றவர்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. மேனேஜர் அவரைக் கண்ணாடி அறைக்குள் அழைத்துப் போனாள்.

உள்ளே அவர் வெகுநேரம் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவசரப்படுத்தவில்லை.

“அந்தக் கலரெல்லாம் நான் வைக்கிறதில்ல மேடம்.”

“பின்ன?”

“என் மனைவி.”

அவள் நிமிர்ந்தாள்.

“அவளும் புரோகிராமர்தான். ஒரே அறையில உட்கார்ந்து வேலை பார்த்தோம். எடிட்டருக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அக்கவுண்ட், ஒரே கணக்கு. ஒரு மெஷின்ல கலரை மாத்தினா இன்னொண்ணுலயும் தானா மாறிடும். அதுக்கே தினம் சண்டை. அப்புறம் வேற சண்டையெல்லாம் வந்தது. வேற ஊருக்குப் போயிட்டா. போனை எடுக்கிறதில்ல. ஆனா இந்தக் கணக்கைப் பிரிக்க மட்டும் மறந்துட்டா.”

“நீங்க சொல்லலையா?”

“நான் ஏன் மேடம் ஞாபகப்படுத்தறேன்?”

சொல்லிவிட்டு அவர் கண்ணாடிக்கு வெளியே தன் திரையைப் பார்த்தார்.

“தினம் காலையில திறந்தா ஒரு கலர் காத்திருக்கும். சாம்பல்னா அவளுக்குத் தலைவலின்னு நினைச்சுக்குவேன். மஞ்சள்னா யார் மேலயோ கோபம். இன்னைக்கு நல்லாத் தூங்கி எழுந்திருக்கா. நடுவுல ஒரு தடவை நின்னு போச்சு. ஒரே கலர் அப்படியே கிடந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கல. வாயாடியைக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லி, என்னன்னு பாருப்பான்னேன். அவன்தான் சரி பண்ணிக் கொடுத்தான். வாய்தான் நீளம், கெட்டிக்காரன்.”

“இப்படி எத்தனை நாளைக்கு?”

“கருநீலம் வர்ற வரைக்கும்.”

அவளுக்குப் புரியவில்லை.

“நாங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட ஒரே கலர் அதுதான். போனதுலேருந்து அதைத் தவிர எல்லாத்தையும் வச்சுட்டா. அதை வச்சான்னா, கிளம்பி வான்னு அர்த்தம். இதை மட்டும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. பெட்டி கட்டில் அடியில தயாரா இருக்கு மேடம்.”

மேனேஜர் பேனாவைத் திறந்தாள், மூடினாள்.

“வெளியாட்கள் வர்ற அன்னைக்கு மட்டும் வேற மெஷின்ல காட்டுங்க. மத்தபடி உங்களுடையது அப்படியே இருக்கட்டும்.”

அவர் சத்தம் வராமல் நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வாயாடியைத் தனியாக அழைத்தாள். “சாமியார் மெஷின்ல கை வைக்காதீங்க. அந்தக் கணக்கோட இணைப்பு அறுந்துடப் போகுது. இனிமே அவரைக் கிண்டல் பண்றதும் வேண்டாம்.”

வாயாடி கதவைச் சாத்தினான். அவனால் இவ்வளவு மெதுவாகப் பேச முடியும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“அது அறுந்து ஒரு வருஷம் ஆச்சு மேடம். என்னன்னு பாருன்னு கூப்பிட்டாரே, அன்னைக்கே பார்த்துட்டேன். அந்தம்மா தன் பக்கத்தைப் பிரிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. சொல்லத்தான் நிமிர்ந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும், ‘சரி பண்ணிட்டேன்’னு வாய்ல வந்துடுச்சு. அன்னையிலேருந்து அவருக்கு முன்னாடி வந்து நான்தான் மாத்தி வைக்கிறேன். கேலி பண்ணினாத்தான் என் மேல சந்தேகம் வராது.”

கண்ணாடிக்கு அப்பால் சாமியார் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பையைத் தோளில் மாட்டிய பிறகும் அந்த இளஞ்சிவப்பை ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் திரையை அணைத்தார்.

வாயாடி தலையைச் சொறிந்தான்.

“எனக்கும் கலரெல்லாம் தீர்ந்து போச்சு மேடம். ரொம்ப இருட்டா இருக்கேன்னு ஒண்ணை மட்டும் ஒதுக்கி வச்சிருந்தேன். நாளைக்கு அந்தக் கருநீலத்தையே வச்சுடட்டுமா?”