படத்துக்குப் பிறகு சாட்சி

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் சபை மொத்தமும் மூக்கைச் சிந்தியது.

சிறு வயதில் தகப்பனிடம் வாங்கிய அடி, கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் ஒருத்தியைத் தூங்கவிடாமல் துரத்துவதுதான் கதை. ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டையா தேவஇரக்கம்கூட முன் வரிசையில் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்க்கப் பார்க்க அவர் மகள் ஜெனிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் சபைக்குக் குடும்ப ஞாயிறு என்றால் மத்தியானம் ஒரு படம், பிறகு சாட்சி. படம் தன் உள்ளத்தில் என்ன பேசியது என்று ஆளாளுக்கு மைக் பிடித்துச் சொல்ல வேண்டும். சொல்கிறவர் நிறுத்தும் இடத்திலெல்லாம் மற்றவர்கள் ஸ்தோத்திரம் என்பார்கள். அது பழக்கம்.

அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் ஜெபித்திருந்தால் நல்லாத் தூங்கியிருப்பாள் என்றார் தவசிமுத்து. ஸ்தோத்திரம். என்ன இருந்தாலும் பெற்ற தகப்பனை அப்படி எதிர்த்துப் பேசலாமா என்றாள் தங்கபாய். அதற்கும் ஒரு ஸ்தோத்திரம்.

ஜெனிலாவுக்குப் படம் பிடித்துத்தான் இருந்தது. ஒரே ஒரு இடம் பொய். கடைசியில் அந்தத் தகப்பன் மகள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறான். எந்த ஊரில் கேட்கிறானாம்?

அவளுக்கு மன்னிப்பும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். அடுத்த மாதம் ஆறு வயது மகள் ஸ்வீட்லினை இதே ஏட்டையா வீட்டில் விடுவதாக ஏற்பாடு. அது நின்றால் போதும்.

கணவன் ஜெர்வின் லீவு முடிந்து பட்டாளத்துக்குத் திரும்புகிறான். அவளுக்கு ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். அங்கே வேண்டாம் என்று காரணத்தைச் சொன்னபோது, எங்கப்பா அடிக்காத அடியா என்று சிரித்துவிட்டான். சபை நடுவில் சொன்னால் எப்படிச் சிரிப்பான், பார்த்துவிடலாம்.

எழுந்துபோய் மைக்கைப் பிடித்தாள்.

எனக்கு அப்போது ஆறு வயது என்றாள். கணக்குத் தப்பாகப் போட்டதற்கு அப்பா பெல்ட்டைக் கழற்றி அடித்தார். அதே பெல்ட்டால் கையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு புல்லட் வண்டியில் டியூட்டிக்குப் போய்விட்டார். சாயங்காலம் வரை ஒரு மடக்குத் தண்ணீர் இல்லை.

மூச்சு வாங்க நிறுத்தினாள்.

பெண்கள் பக்கமிருந்து ஸ்தோத்திரம் என்று ஒரு குரல் வந்தது.

அவ்வளவுதான், பழகிய வாய்கள். சபையே ஸ்தோத்திரம் என்றது.

ஐயோ, நான் சொல்ல வருவது அது இல்லை என்றாள். புல்லட் வண்டிச் சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் ஒன்றுக்குப் போய்விடுகிறது என்றாள். முப்பத்திரண்டு வயதில், வார்டில், நோயாளிகள் முன்னால்.

முன்னைவிடச் சத்தமாக ஸ்தோத்திரம். எடுத்துக் கொடுத்தது அதே குரல்தான். கையோடு ஒரு பாட்டையும் ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் கைதட்டிச் சேர்ந்துகொண்டார்கள்.

போதகர் வந்து ஏட்டையாவின் தோளில் கை வைத்தார். தகப்பன் இப்படிக் கண்டித்து வளர்த்ததால்தான் இந்தப் பிள்ளை இன்றைக்கு நாலு பேருக்கு ஊழியம் செய்கிறது என்றார். ஏட்டையா அடக்கமாகக் கும்பிட்டார். வெளியே விளையாடிக்கொண்டிருந்த ஸ்வீட்லினை ஜெர்வின் தூக்கிவந்து அவர் மடியில் உட்கார வைத்தான்.

ஜெனிலா மைக்கை வைத்துவிட்டுப் பெண்கள் பக்கம் போனாள். அந்தக் குரலைத் தேட வேண்டியதில்லை. பெற்றவள் குரல் தெரியாதா? அம்மா அமிர்தவல்லி வேதப்புத்தகத்தை அணைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள்.

நீயே இப்படிச் செய்யலாமா என்று கேட்டாள் ஜெனிலா. கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

பாட்டுச் சத்தம் ஏறும்வரை அமிர்தவல்லி காத்திருந்தாள். பிறகு மகள் காதருகே வந்தாள்.

"நீ சொல்லிட்டு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறிருவ. இன்னைக்கு அவியகூட வீட்டுக்குப் போகப்போறது நாந்தானட்டி."