விரல் போன வழி

ராஜாராம் மாஸ்டரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில், செஞ்சிக்கே புதிதாக வந்த கம்ப்யூட்டரின் முன்னால் ஜாஹிதா உட்கார்ந்திருக்கிறாள். திரையின் பச்சை வெளிச்சம் அவள் மூக்குத்தியில் மின்னுகிறது. மாஸ்டர் போட்டுவைத்த பாஸ்வேர்டைக் கண்டுபிடித்து உள்ளே போய்விட்டாள். அவர் மனைவி பெயர், மகள் பெயர், ஸ்கூட்டர் நம்பர் என்று ஒரு வாரமாக அடித்துப் பார்த்துத் தோற்றவள் நான். ஜன்னலுக்கு வெளியே ராஜகிரிப் பாறை வெயிலில் காய்கிறது. அமாவாசைக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மேல்மலையனூர் பஸ் ஹாரன் அடித்தபடியே போகிறது.

“எப்டிம்மா கண்டுபுடிச்ச?” மாஸ்டரின் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு எரிகிறது.

“நீங்க அடிக்கறப்ப பாத்தேன் சார். இங்கிலீஷ் அடிக்கிற வெரலு அப்டிப் போவாது. தமிழ் மிஷின்ல அடிக்கிற மாதிரியே அடிச்சீங்க. பனமலை. உங்க ஊரு.”

கம்ப்யூட்டருக்கு அது பொருளில்லாத ஆங்கில எழுத்துகள்; தமிழ் டைப் பழகிய விரலுக்குப் பனமலை. டைப்ரைட்டிங் பரீட்சையில் நான் இங்கிலீஷ் ஹையர், முதல் வகுப்பு. அவள் வெறும் தமிழ் லோயர். மாஸ்டர் இதுவரை என்னைத் தொடவிடாத அந்த நாற்காலியை, அவள் உட்கார்ந்தபடியே, மேஜைப் பக்கம் இன்னும் நெருக்கித் தள்ளுகிறார்.

“புது பாஸ்வேர்டு நீயே போடும்மா. எனக்கு மட்டும் சொல்லு.”

ஜாஹிதா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். “மங்கையக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோயேன்.”

பாறையைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறேன். முதுகுக்குப் பின்னால் அவள் அடிக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் என் மடியில் ஒரு விரல் அந்த எழுத்தைத் தேடி அசைகிறது.