மூக்கால் சொல்ல வேண்டிய சொல்

மூக்கால் சொல்ல வேண்டுமாம். அப்புறம் வாயை ஆண்டவன் எதற்குக் கொடுத்தானாம்?

டாக்டரம்மாவின் மேசைக்கு இந்தப் பக்கம் நான். பக்கத்தில் சக்கர நாற்காலியில் என் வீட்டுக்காரர், விட்டத்தைப் பார்த்தபடி.

சொல்வது புரிகிறது என்று இன்று இவர் ஒருமுறையாவது காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள். காத்திருப்பவர்கள் நிறையப் பேராம். காத்திருப்பவர்கள் மனிதர்கள், இவர் மட்டும் மரக்கட்டையா?

பக்கவாதம் வந்த பிறகு தமிழ் இவருக்குள் போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. மூன்றாம் நாள் ஏதோ முனகினார். உளறல் என்றாள் நர்ஸ். அது உளறல் இல்லை, போர்த்துகீசியம் என்று போனில் கேட்டுச் சொன்னவர் இவருடைய பழைய கூட்டாளி. மனிதர் தண்ணீர் கேட்டிருக்கிறார்!

இவர் பதினெட்டு வருடம் கடல் கடந்து போய்க் கப்பல் பட்டறையில் வெல்டர். அங்கே எல்லாரும் பேசியது அந்த மொழிதான். வருடத்தில் பதினோரு மாதம் அவர்களோடு, ஒரு மாதம் என்னோடு. மூளையும் அப்படியே பங்கு பிரித்து வைத்திருக்கிறது. துரோகம் என்று சொல்லாமல் இதை வேறென்ன சொல்வது?

வீட்டுக்கு வந்த பிறகு அந்த முனகலும் நின்றுவிட்டது. கூட்டாளி போனில் கூப்பிட்டுப் பார்த்தார். அதிலிருந்து வருவது மனிதக் குரல் என்றே இவருக்குப் படவில்லை. நேரில் பேச என்னை விட்டால் யார்?

கற்றுக்கொண்டேன். செல்போனில் ஒரு சின்னப் பெண் பாடம் நடத்தினாள். 'ஓ' என்று எழுதிவிட்டு 'உ' என்கிறாள். 'ர' என்று எழுதிவிட்டுத் தொண்டையைக் காறுகிறாள். எழுத்தின் தலையில் புழு மாதிரி ஒரு நெளிவு. அது அழகுக்கு இல்லையாம், மூக்கைத் திறக்கச் சொல்லும் அடையாளமாம். எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. இதையே நான் செய்தால் ஊர் சும்மா விடுமா?

"அண்ணன் பொழச்சதே பெருசு அண்ணி. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த மூக்குப் பாட்டு?" என்றாள் நாத்தனார்.

பதில் சொல்லியிருந்தால் குடும்பம் சந்தி சிரித்திருக்கும். செல்போனை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன்.

பத்து நாள் படித்தேன். 'கையைத் தூக்குங்க.' அவ்வளவுதான். அதில் கைக்கு உள்ள சொல்தான் எமன். 'மாவ்' என்று ஆரம்பித்து, மூச்சை மூக்குக்கு ஏற்றி, 'ங்' முழுசாக வருவதற்குள் விட்டுவிட வேண்டும்.

டாக்டரம்மா தலையசைத்தார். சொன்னேன். அந்தச் சின்னப் பெண் கேட்டிருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பாள். அத்தனை சுத்தம்.

இவர் விட்டத்தைப் பார்த்தார்.

இரண்டாம் முறை இன்னும் நிதானமாகச் சொன்னேன். அதே விட்டம்.

டாக்டரம்மா பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. மூக்காவது, நெளிவாவது! எழுந்து நின்று இவர் முகத்துக்கு நேராகக் கத்தினேன். வாய் தன் இஷ்டத்துக்குப் போயிற்று.

"மாவு!"

இவர் புருவம் நெரிந்தது. லீவில் வரும் அந்த ஒரு மாதத்திலும் நான் துணி மடிப்பதில், கதவு சாத்துவதில், கையெழுத்துப் போடுவதில்கூடக் குற்றம் கண்டுபிடித்த அதே முகம், மெல்ல என் பக்கம் திரும்பியது.

"மா...வ்ங்."

மண்டூகத்துக்குச் சொல்வதுபோல இழுத்து, முழு மூக்கால் சொன்னார்.

கையைத் தூக்கவில்லை. தூக்காவிட்டால் போகிறது! டாக்டரம்மா எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

நான் அழவில்லை. ஆத்திரம்தான் வந்தது, என் மேலேயே. பத்து நாளாகத் தப்புத் தப்பாகச் சொன்ன அத்தனையையும், இவர் காதில் விழுந்துவிடக் கூடாது என்று, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அல்லவா சொன்னேன்.